அமரர் வரிசையில் தோத்துன் அம்மா

காலண்டர் வந்த அன்று, நைஜீரியாவின் இபதான் நகரத்து ஒலோசான் சந்தையில் முதலில் அலறியவள் மிளகாய்க் கடை அசாபிதான். இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "ஐயோ, தோத்துன் அம்மா போயிட்டாங்களே! காலையிலகூட என்கிட்ட உப்பு வாங்கிட்டுப் போனாங்களே!" என்று அவள் போட்ட கூச்சலில், ரோட்டில் போன ஷேர் டாக்ஸி ஒன்று பிரேக் அடித்து நின்றது.

தோத்துன் அம்மா அப்போது அவளிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, தன் கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாலை வாயில் கவ்வி வட்டமாகச் சுருண்டு கிடக்கும் கெளுத்திக் கருவாடுகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருடி போனது?"

"நீங்கதான் அக்கா!"

"எப்போ?"

"காலண்டர்ல போட்டிருக்கே!"

அசாபியை மக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணெதிரே ஆள் உட்கார்ந்திருந்தாலும், சங்கத்துக் காலண்டரில் ஒன்று வந்துவிட்டால் ஒலோசானில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அது ஒரே தாள்தான், ஆனால் கதவகலம். தேதியெல்லாம் ஒரு மூலையில் எறும்பு அளவில் இருக்கும். தேதி பார்க்கவா அதை மாட்டுகிறார்கள்? முகம் பார்க்கத்தான். உச்சியில் சந்தைத் தலைவி அல்ஹாஜா சிம்பியாத், சாப்பாட்டுத் தட்டு அளவில். அவருக்குக் கீழே துணைத்தலைவியும் செயலாளரும் காபி டம்ளர் வாய் அளவில். அப்புறம் உறுப்பினர்கள், பொத்தான் அளவில், நூற்று எண்பது பேர். ஆகக் கடைசியில் மேகமும் புறாவும் ரோஜாவும் சூழ, அந்த வருடம் கண்ணை மூடியவர்கள். அதுதான் அமரர் வரிசை.

இந்தத் தடவை அமரர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் யாருக்கும் சிரமம் கொடுக்காமல் நிஜமாகவே இறந்தவர்கள். நான்காவதாக, "மறைந்தும் மறையாத திருமதி மொரெனிகே" என்ற எழுத்துக்கு மேலே, பல்லெல்லாம் தெரிய ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. தோத்துனைப் பெற்றவளுக்கு அப்பன் வைத்த பெயர் மொரெனிகே என்பது அன்றைக்குத்தான் பாதிச் சந்தைக்குத் தெரியும்.

இதற்குக் காரணம் ஆமை. சங்கத்தில் வருடா வருடம் ஒரு துணி எடுப்பார்கள். எல்லோரும் அதையே தைத்துக்கொண்டு, கசாலியின் ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் பூ வளைவுக்குக் கீழே நின்று, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வருடம் அல்ஹாஜா தேர்ந்தெடுத்தது மஞ்சளில் ஊதா ஆமைகள் ஊர்கிற துணி. அல்ஹாஜாவின் நாத்தனார் சிக்கிராத்தின் கடையில் அந்த ஆமைகள் மூன்று வருடமாக நகராமல் கிடந்தன என்பது சந்தைக்கே தெரியும். தெரிந்ததை வாயைத் திறந்து சொன்னவள் தோத்துன் அம்மா மட்டும்தான். கூட்டத்தில் எழுந்து, துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதை நான் செத்தா உடுத்துறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஸ்டூடியோவுக்கும் போகவில்லை. ஒரு மழை விட்ட சாயங்காலம், கடை முக்கில் வெயில் நல்ல மஞ்சளாக விழுந்தபோது, போனைத் தூக்கித் தன்னைத்தானே ஒரு படம் எடுத்தாள். அன்று வியாபாரம் நன்றாக இருந்தது, அதனால் சிரிப்பும் நன்றாக இருந்தது. போனில் சட்டம் போடுகிற ஏற்பாடு ஒன்று இருந்ததே, அதைத் தடவித் தடவிப் பார்த்து மேகமும் இரண்டு புறாவும் இருக்கிற சட்டத்தைப் போட்டாள். புறா அழகாக இருந்தது, வேறொன்றுமில்லை. கையில் போன் இருந்தால் எதையாவது அழுத்திப் பார்க்காதவர் யார்? "இதைப் போடு தம்பி" என்று வாட்ஸ்அப்பில் கசாலிக்கு அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

இபதானில் ஒரு முகத்தைச் சுற்றி மேகமும் புறாவும் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். மூன்று நாளில் நூற்று எண்பது முகம் வெட்ட வேண்டிய கசாலி, இரண்டாவது யோசனை இல்லாமல் அவளைக் கீழே இறக்கிவிட்டான்.

"ஏன் தம்பி, என்னைப் பார்த்தா பிணம் மாதிரியா இருக்கு?" தோத்துன் அம்மா காலண்டரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அவன் ஸ்டூடியோ வாசலில் நின்றாள்.

கசாலி இரண்டடி பின்னால் போனான். "அம்மா, நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க. உயிரோட இருக்கிறவங்க யாரும் என் படத்துல சிரிச்சதே கிடையாது. அதோட புறா வேற. நான் அழுதுக்கிட்டேதான் ஒட்டினேன்."

"அழுதியா?"

"கொஞ்சம்."

"சரி, அதுக்காக விடறேன். தாளைத் திருப்பி வாங்கு."

"அதை அல்ஹாஜாதான் சொல்லணும், அம்மா."

அல்ஹாஜா சிம்பியாத் தன் அரிசி மண்டியில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து, அமலாக் களியை உருட்டிக் கீரைக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தார். காலண்டரை ஒரு பார்வை பார்த்தார். தன் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

"செத்தா உடுத்துறேன்னு நீதானே சொன்னே? காலண்டருக்குக் காது இருக்கு போல."

"அல்ஹாஜா, விளையாட்டு போதும். திருத்தி அடிக்கச் சொல்லுங்க."

"ஆயிரம் தாள் போயாச்சு. கவுன்சில் ஆபீஸ், பள்ளிவாசல், சர்ச்சு, கறிக்கடைக்காரங்க சங்கம், எல்லாச் சுவர்லயும் ஏறியாச்சு. நான் போய், என் சங்கத்துக்குச் செத்தவ யாரு இருக்கிறவ யாருன்னு தெரியலைன்னு சொல்லி ஒவ்வொண்ணா இறக்கட்டுமா? அடுத்த வருஷம் மேல ஏத்திடலாம். ஒரு வருஷம்தானே, பொறுத்துக்க."

"ஒரு வருஷம் செத்துக் கிடக்கவா?"

"மீன் விக்க வேண்டாம்னு யாரு சொன்னா?"

உண்மையைச் சொன்னால், தோத்துன் அம்மா இதைச் சிரித்தே தள்ளியிருப்பாள். அவள் சுபாவம் அப்படி. ஆனால் இரண்டு நாள் கழித்து சிக்கிராத் ஓர் அளவு நாடாவோடு கடைக்கு வந்து குனிந்து தரையை அளக்க ஆரம்பித்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க அக்கா."

"எதுக்கு?"

"அலமாரிக்கு அளவு எடுக்கணும்."

"யாரு அலமாரி?"

"என்னோடதுதான். நினைவு நாள் முடிஞ்சதும் இந்த இடம் எனக்குன்னு அண்ணி சொல்லிட்டாங்க. இறந்தவங்க கடை சங்கத்துக்குத் திரும்பணும்னு விதி இருக்கே. உங்க பையன் போர்ட் ஹார்கோர்ட்ல இருக்கான். அவனா வந்து கருவாடு விக்கப் போறான்?"

"அடியே, நான் உயிரோட உட்கார்ந்திருக்கேன்."

"அதெல்லாம் அண்ணிகிட்டப் பேசிக்குங்க. காலண்டர்தான் சங்கத்துப் பதிவேடு. எனக்கு அவ்வளவுதான் தெரியும்." சிக்கிராத் நாடாவின் நுனியை முக்காலிக்கு அடியில் செருகினாள். "இன்னொரு கால்."

அந்த முக்கு இன்றைக்கு எல்லோருக்கும் வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அங்கே சாக்கடையும் தவளையும்தான் இருந்தன. தோத்துன் அம்மாதான் தலையில் மண் சுமந்து கொட்டித் தரையை உயர்த்தினாள். அப்புறம் ஊர் வளர்ந்து வளர்ந்து சந்தை இருக்கிற மோனியா பக்கமாக வந்தது, நாலு வழிச் சாலை வந்தது, பஸ் நிறுத்தம் சரியாக அவள் கடைக்கு நேராக வந்து நின்றது. ஆமைத் துணிக்காரிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. காலண்டர் அச்சாகும்போது நடந்தது தற்செயல்தான். அச்சான பிறகு நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முட்டி போட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க அக்கா" என்றாள் அசாபி. "ஆமை அழகாத்தான் இருக்குன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிடுங்க. தலைவிக்கு அது போதும்."

"எனக்கு அவ நாலு வயசு சின்னவ. அவ வந்து என் முன்னாடி முட்டி போடட்டும், வலிச்சா நான் அமுக்கி விடறேன்."

"கடை போயிடுமே!"

"போகட்டும் பார்க்கலாம். செத்தவளை எப்படி வெளியேத்துறாங்கன்னு எனக்கும் பார்க்கணும்."

அமரர்களுக்குச் சங்கம் எடுக்கிற நினைவு நாள் ஜனவரி கடைசி சனிக்கிழமை. புத்தாண்டு அன்று காலையில் தோத்துன் அம்மா அந்தக் காலண்டரைத் தன் கடைக் கம்பத்திலேயே ஆணி அடித்து மாட்டினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, எறும்புகளுக்கு நடுவே ஒன்றாம் தேதியைத் தேடிப் பிடித்து, அதன்மேல் விரலை வைத்து, மறு கையால் போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள்: "இன்றும் சாகவில்லை. கெளுத்தி இருக்கிறது."

இரண்டாம் தேதியும் போட்டாள். மூன்றாம் தேதி இறாலும் இருந்தது. நாலாம் தேதி ஒரு டாக்ஸிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "அம்மா, செத்தவங்க நீங்கதானே? ஒரு படம்" என்று பக்கத்தில் நின்றான். அவனும் விரலை வைத்தான். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். முந்தின நாள் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. கவுன்சில் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், தன் ஆபீஸ் சுவரிலேயே இவள் அமரராகத் தொங்குகிறாள் என்பதை மறந்து, இவளோடு பல்லைக் காட்டி நின்றார். பாலைவனப் புழுதிக்காற்று அடித்துப் பாதிப் படங்களில் ஆள் யாரென்றே தெரியவில்லை. விரலும் தேதியும் தெரிந்தன. பஸ் கண்டக்டர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வாய் சும்மா இருக்குமா? "செத்தவங்க கடை! செத்தவங்க கடை இறங்கு!" என்று கூவ ஆரம்பித்தார்கள்.

சங்கத்துச் செயலாளர் வந்தாள். "தோத்துன் அம்மா, சங்கத்துப் பேரு கெடுது. படம் எடுக்கிறதை நிறுத்தச் சொன்னாங்க தலைவி."

"எழுதிக் குடு."

"என்ன எழுத?"

"'மறைந்த திருமதி மொரெனிகே அவர்களுக்கு, நீங்கள் படம் எடுப்பதை உடனே நிறுத்தவும்'னு எழுது. கீழ தலைவி கையெழுத்து, சங்கத்து முத்திரை. குடு, ஒட்டி வைக்கிறேன்."

செயலாளர் கால் கிலோ இறால் வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனாலும் அல்ஹாஜா அசையவில்லை. "போட்டோ எடுத்தா உயிர் வந்துடுமா? நினைவு நாள்ல பேர் வாசிப்போம், துஆ ஓதுவோம், கடையை மாத்துவோம். அதுக்கப்புறம் அவ நடுரோட்டுல நின்னு படம் எடுக்கட்டும்" என்று மண்டியில் சொன்னது அரை மணியில் மீன் கடைக்கு வந்து சேர்ந்தது. இந்தச் சந்தையில் செய்தி பஸ்ஸை விட வேகம். அசாபி அழுதாள். தோத்துன் அம்மா அழவில்லை. ஆனால் அன்று கருவாட்டுக் கோபுரம் இரண்டு தடவை சரிந்ததை எதிர்க் கடையிலிருந்து பார்த்தவர்கள் உண்டு. மீனை மறுபடி அடுக்கிவிட்டு, காலடியில் இருந்த மண்ணைக் குனிந்து பார்த்தாள். அவள் கொட்டின மண். பிறகு எழுந்து, நேரே சிக்கிராத்தின் துணிக்கடைக்குள் போனாள். வெளியே வரும்போது கக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. சிக்கிராத் வாசல்வரை வந்து அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் ஜெயித்த சிரிப்பு.

நினைவு நாளுக்குச் சந்தைக்குப் பின்னாலிருக்கிற தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் இமாம், மறுபக்கம் பாஸ்டர், நடுவில் அண்டா அண்டாவாக ஜொல்லோஃப் சோறு. நூற்று எழுபத்தொன்பது பெண்கள் மஞ்சளில் ஊதா ஆமையோடு உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வயலில் ஆமைப் படை இறங்கியது போலிருந்தது. அழைக்காமலே வருகிற படக்காரர்கள் ஏழெட்டுப் பேர், எடுத்த கையோடு அச்சடித்துத் தலையில் கட்டுகிறவர்கள், தோளில் சிறு அச்சுப் பெட்டியோடு திரிந்தார்கள். முன்வரிசையில் நான்கு நாற்காலித் தொகுதி, நான்கு அமரர் குடும்பங்களுக்கு. மூன்று நிரம்பியிருந்தன.

அப்போது பந்தலுக்குள் நூற்று எண்பதாவது ஆமை நுழைந்தது.

அதே துணிதான். மேல்சட்டை, இடுப்புத் துணி, தலையில் கோபுரமாக அதே துணியில் தலைக்கட்டு. கழுத்தில் பவளம். தோத்துன் அம்மா யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, நான்காவது குடும்பத்து நாற்காலியில் உட்கார்ந்து, துணியை நீவிவிட்டுக்கொண்டாள்.

அல்ஹாஜா மேடையிலிருந்து குனிந்தார். "உடுத்த மாட்டேன்னு சொன்னியே?"

"செத்தா உடுத்துறேன்னு சொன்னேன். செத்துட்டேன், உடுத்திட்டேன். சொன்ன சொல் மாற மாட்டேன் அல்ஹாஜா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனிதப் பேச்சு போலவே ஒலிக்கிற பேசும் மேளத்தை அக்குளில் இடுக்கியிருந்த மேளக்காரன் அதை ஒரு அமுக்கு அமுக்கினான். அது கேள்வி கேட்பது போல் ஒரு சத்தம் எழுப்பியது.

சடங்கு தொடங்கியது. ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தக் குடும்பம் எழுந்து வர, இமாம் கண்ணை மூடி ஓத, எல்லோரும் ஆமீன் சொல்ல, பாஸ்டர் ஒரு வார்த்தை சொல்ல, குடும்பத்துக்குச் சட்டம் போட்ட படமும் ஒரு பிளாஸ்டிக் கூடையும் கொடுத்தார்கள். மூன்று பேருக்கு ஒழுங்காக நடந்தது. தோத்துன் அம்மா அந்த மூவருக்கும் மனசார ஆமீன் சொன்னாள். மூன்றாமவள் அவளுக்குத் தோழி, கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"மறைந்தும் மறையாத திருமதி மொரெனிகே. குடும்பத்தார் வரவும்."

குடும்பத்தார் எழுந்து போனார்கள், தலைக்கட்டை நேராக்கிக்கொண்டு.

இமாம் கண்ணை மூடியிருந்தார். "இறைவா, எங்களை விட்டுப் பிரிந்த இந்த மொரெனிகேவுக்கு நல்ல இடத்தைக் கொடு..."

"ஆமீன்!" என்றாள் தோத்துன் அம்மா, அவர் காதுக்கு நேராக. "பஸ் நிறுத்தத்துக்கு நேராவே நல்ல இடம். அதையே கொடுக்கச் சொல்லுங்க!"

இமாம் கண்ணைத் திறந்தார். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தார், மேசைமேல் இருந்த சட்டம் போட்ட படத்தைப் பார்த்தார். இரண்டும் சிரித்தன. "நீங்க அவங்களுக்கு அக்காவா?"

"அவளே நான்தான், இமாம்."

பந்தல் குலுங்கியது. அல்ஹாஜா மைக்கைப் பிடித்தார். "சின்ன அச்சுத் தப்புதான் இமாம். நீங்க ஓதி முடிங்க."

"முப்பத்தோரு வருஷமா ஓதறேன், அல்ஹாஜா. அந்தப் பக்கம் போனவங்க யாரும் எனக்கு ஆமீன் சொன்னதில்லை." இமாம் கையிலிருந்த தாளை மடித்தார். "அச்சுத் தப்புக்கு என்னால துஆ கேட்க முடியாது. ஒண்ணு, இவங்க உயிரோட இருக்காங்கன்னு நீங்க சொல்லணும். இல்லைன்னா முதல்ல அடக்கம் பண்ணிட்டு வந்து கூப்பிடுங்க. பாஸ்டர் என்ன சொல்றார்?"

பாஸ்டர் ஜொல்லோஃப் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இமாம் சொன்னதுதான்" என்றார் அவசரமாக.

அல்ஹாஜாவின் எதிரே, ஆமைகளுக்கு மேலே, ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு போன். முதலில் அசாபியின் போன். அப்புறம் எத்தனை என்று எண்ண முடியவில்லை. ஸ்டூடியோவில் அல்ஹாஜாவுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று தெரியும்; இத்தனை போனுக்கு முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி. தோத்துன் அம்மா... சாகலை."

"சாகலைன்னா போதாது" என்றாள் தோத்துன் அம்மா. "கடை?"

"கடை இருக்கிறவங்களுக்கு."

"இருக்கிறவங்க யாரு? பேரைச் சொல்லுங்க, எல்லாரும் வீடியோ எடுக்கிறாங்க."

"மொரெனிகேவுக்கு! மொரெனிகேவுக்கு! போதுமா?"

மேளக்காரன் அதற்காகவே காத்திருந்தவன் போல, மொ-ரெ-னி-கே என்று அந்தப் பெயரையே அடித்தான், மூன்று தடவை. நூறு பெண்கள் எழுந்து ஆட, சிக்கிராத் மட்டும் கூடைகளை எண்ணுவது போல் குனிந்திருந்தாள். தோத்துன் அம்மா தன் படத்தை எடுத்துக்கொண்டாள். கூடையையும் விடவில்லை. "என் சாவுக்குக் கொடுத்தது, நான்தானே வாங்கணும்?"

மறுவாரம் கசாலி ஒரு ஸ்டிக்கர் அடித்தான், பொத்தான் அளவில், ஏற்கெனவே மாட்டிய காலண்டர்களில் ஒட்டுவதற்கு.

"அம்மா, ஸ்டூடியோவுல வந்து ஒரு தடவை உர்ருன்னு நில்லுங்க. உயிருள்ள படமா எடுத்துடலாம்."

"எனக்கு அதே படம்தான் வேணும்."

"புறா இருக்கே!"

"புறாவோடதான்."

ஒட்டுவதற்கு இடம் எங்கே? பொத்தான் வரிசைகளில் ஒரு முடி நுழையக்கூட இடைவெளி இல்லை. தாள் முழுக்கத் தேடினால், அல்ஹாஜாவின் தட்டு முகத்துக்கு வலது காதோரம் மட்டும் கொஞ்சம் வெள்ளை இருந்தது. அங்கேதான் ஒட்டினார்கள், கவுன்சில் ஆபீஸிலும் பள்ளிவாசலிலும் சர்ச்சிலும். கீழே இருந்த அமரரைக் கிழித்துவிடலாமா என்று கேட்டதற்குத் தோத்துன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு இடத்திலும் இருந்துகொண்டு, தலைவியின் காதுக்குள் எதையோ சொல்லிச் சிரிப்பது போலத் தொங்குகிறாள்.

ஸ்டேட்டஸ் இன்னும் நின்றபாடில்லை. இன்றும் சாகவில்லை, கெளுத்தி இருக்கிறது. ஆமைத் துணியை மடித்துக் கடை முக்காலியின்மேல் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் வியாபாரம்.

போன செவ்வாய்க்கிழமை அல்ஹாஜாவின் கார் ரிப்பேர். மனுஷி பஸ்ஸில் வந்தார். சந்தை நெருங்கும்போது, "இங்க நிறுத்துப்பா" என்றார்.

"எங்கம்மா?" என்றான் கண்டக்டர், கதவில் தொங்கிக்கொண்டே. "நிறுத்தத்தோட பேரைச் சொல்லுங்க."

அல்ஹாஜா தலைத்துணியைச் சரிசெய்தார், ஜன்னல் வழியே வேறு பக்கம் பார்த்தார், பஸ் கடையைத் தாண்டிவிடும் போலிருக்கவே, வேறு வழியில்லாமல் சொன்னார்:

"செத்தவங்க கடை."

"சத்தமா அம்மா, டிரைவருக்குக் கேக்கல!"